பியூலாவின் கன்று

ஜூன் 9

எங்கள் வனவியல் கல்லூரியின் விளம்பரத் தாளில் 'இங்கே மாணவர்கள் கையால் செய்து கற்கிறார்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பார். படம் எடுத்த அன்றைக்குத்தான் அவர் அந்த மண்வெட்டியை முதன்முதலாகத் தொட்டார் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று நான் கையால் செய்து கற்றது செம்மண் சலிப்பது. காலையில் பிடித்த சல்லடையைச் சாயங்காலம்தான் கீழே வைத்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பியூலா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏ இசக்கி, ரேஞ்சராகப் போற கையா இது? பூ கட்டுற கை மாதிரில்லா இருக்கு."

அவளுக்கு எரிச்சலே வராது. எனக்கு எதற்கெடுத்தாலும் வரும். அதனால்தான் ஆறுமுகநயினார் சார் எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டார் போலிருக்கிறது. மூன்றாம் வருடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு, காட்டுக்குப் போய் விதை சேகரித்து, நாற்றாக்கி, நட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் புங்கன், வேம்பு, நாவல் என்று சமர்த்தாக எடுத்துக்கொண்டார்கள். பியூலா வெள்ளைக் குங்கிலியம்தான் வேண்டும் என்று சாரிடம் கேட்டு வாங்கினாள். இந்த மலைச்சரகத்தில் காய்க்கிற வயதில் அந்த மரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் வருடா வருடம் காய்க்காது. இந்த வருடம் காய்த்திருக்கிறது.

"நாம படிக்கிற நேரம் பாத்துக் காய்ச்சிருக்கே, அது சும்மாவா?" என்றாள்.

சும்மாதான் என்றேன். முறைத்தாள்.

ஜூன் 13, முகாம்

சாரல் விடவே இல்லை. சாக்ஸுக்குள் அட்டை. பியூலா அட்டை ஏறாமலிருக்கக் காலில் மூக்குப்பொடியைத் தடவிக்கொண்டு நிம்மதியாக நடக்கிறாள். எனக்குச் சொல்ல மறந்துவிட்டாளாம்.

மரத்தைப் பார்த்தோம். கீழே கிடக்கிற காயெல்லாம் பூச்சி துளைத்ததும் பன்றி கடித்ததும்தான். நல்ல விதை வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் பறிக்க வேண்டும். அடிமரத்தில் மூங்கில் ஏணியைக் கட்டி, அதற்கு மேல் கயிற்றைப் பிடித்துப் போக வேண்டும். மரம் முழுக்கப் பாசி. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்தது. நாளைக்கு நான் ஏற வேண்டும்.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 14

பியூலா விழுந்துவிட்டாள்.

ஜூன் 16, பாளையங்கோட்டை

முதுகெலும்பில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு எலும்பு நொறுங்கியிருக்கிறது. நேற்று ஆபரேஷன் முடிந்தது. கால் வருமா என்று சார் கேட்டதற்குப் பெரிய டாக்டர் "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பியூலாவின் அம்மா சுரண்டையிலிருந்து வந்திருக்கிறார்கள். பெயர் ஞானசெல்வி. தையல் வேலை. வீட்டுக்காரர் இல்லை, இவள் ஒரே பிள்ளை. வந்ததிலிருந்து அழவே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து என்னிடம், "மரம் ஏற எவ்வளவோ ஆம்பளப் பிள்ளைய இருந்திருப்பியளே தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

அவளாகத்தான் ஏறினாள் என்றேன். அது உண்மை. எனக்கு வயிறு சரியில்லை என்பதும் உண்மை.

அவள் இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை நர்ஸ் என்னிடம் கொடுத்தார்கள். நிறையக் காய். ஒன்றுகூட நசுங்கவில்லை. அவள் மல்லாக்க விழுந்திருக்கிறாள்.

ஜூன் 18

காய்களை உடைத்து விதையெடுத்து விடுதி மாடியில் பரப்பினேன். நல்லவேளையாக இன்று வெயில் அடித்தது. விதை வந்தால் காய வை, காற்றுப் புகாமல் கட்டு, குளிரில் வை என்று முதல் வருடத்திலேயே எங்களுக்கு மனப்பாடம். காக்கா வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மழை இருட்டினால் வாரி உள்ளே கொண்டுபோவதும் வெயில் வந்தால் மறுபடி பரப்புவதுமாக நாள் போயிற்று. சாப்பிடப் போகவில்லை.

இப்போதே விதைத்துவிடலாம்தான். ஆனால் அது அவள் செய்ய வேண்டிய வேலை. அவள் வந்து அவள் கையால் விதைக்கட்டும். அதுவரை பத்திரமாக வைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ஜூன் 21

நன்றாகக் காய்ந்துவிட்டது. பையில் போட்டு ஒட்டி, பியூலாவின் பெயரெழுதி, விதைக் குளிர் அறையில் வைத்துவிட்டேன். இந்த ஒரு வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

ஜூன் 28

பியூலா பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. முதல் கேள்வியே, "வித?"

"பத்திரமா இருக்கு."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே போர்வை அசையவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா நான் பார்ப்பதைப் பார்த்தார்கள்.

ஜூலை 3

விபத்தைப் பற்றிய விசாரணை, பதில் எழுதுவது என்று அலைந்துகொண்டிருந்த நயினார் சாருக்கு இன்றுதான் ஞாபகம் வந்தது.

"ஏல இசக்கி, அந்த வித எங்கல?"

"கோல்ட் ரூம்ல சார். பத்திரமா வச்சிருக்கேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "காய வச்சியா?"

"நல்லா காய வச்சேன் சார். வெயில்ல."

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். பிறகு திட்டாமல்தான் சொன்னார். "அது மழைக்காட்டு வித. ஈரத்துல விழுந்து ஈரத்துலயே முளைக்கும். காஞ்சாலும் செத்துரும், குளிர் பட்டாலும் செத்துரும். நீ ரெண்டையும் செஞ்சிருக்க." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் சொல்லிருக்கணும். எங்க இருந்தேன் நான் அப்போ, ஆஸ்பத்திரியில," என்றார்.

அவர் திட்டியிருக்கலாம். நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 4

பையைப் பிரித்து ஒரு விதையை வெட்டினேன். உள்ளே பழுப்பு. இன்னொன்றை வெட்டினேன். அதற்கு மேல் வெட்டவில்லை. மிச்சத்தை எல்லாம் ஈர மணலில் ஊற வைத்திருக்கிறேன். நாளைக்கு விதைப்பதற்குப் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி நிழல்வலைக்குக் கீழே அடுக்கினேன். சார் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமா?

ஜூலை 12

தண்ணீர் விட்டேன்.

ஜூலை 13

தண்ணீர் விட்டேன். ஒரு பாக்கெட்டில் பச்சையாகத் தெரிந்தது. கோரை.

ஜூலை 19

மண்ணைக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் கூழ். நாற்றம் அடிக்கிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. பியூலாவுக்குக் கால் பெருவிரலில் லேசாக உணர்ச்சி வந்திருக்கிறதாம். உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு அக்கா வருகிறார்கள். இவள் ஒத்துழைப்பதே இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள் என்று அம்மா சொன்னார்கள்.

நான் போனதும் திரும்பினாள். "விதைச்சியா?"

"ம்."

"முளைச்சுதா?"

அம்மா என்னைப் பார்த்தார்கள். அவள் உதடு வெடித்து, கண்ணெல்லாம் உள்ளே போய், தலைமுடியைக் கத்தரித்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. "முளைச்சிருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறாள்.

ஜூலை 22

சீசன் என்பதால் குற்றாலத்திலிருந்து யாரோ பலாப்பழம் வாங்கிவந்து விடுதி முழுக்க ஒரே வாசனை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நர்சரிக்குப் போனேன்.

அங்கே செய்ததை எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 6

பியூலாவின் அம்மா போனுக்குப் படம் அனுப்பினேன். இரண்டு இலை மட்டும், கிட்டே வைத்து எடுத்தது. அந்தப் போன் கண்ணாடி முழுக்கக் கீறல், தெளிவாகத் தெரியாது.

ஆகஸ்ட் 8

ஞானசெல்வி அம்மா போன் செய்தார்கள். முதல் தடவையாக அழுதார்கள்.

"தம்பி, பிள்ள எந்திரிச்சு உக்காந்துட்டா. அந்த எக்சர்சைஸ் அக்காட்ட அவளே கேக்கா, இன்னைக்கு இன்னும் கொஞ்சம் பண்ணுவோமான்னு. செடி நடுற அன்னைக்கு நான் நடந்து வரணும்னு சொல்லுதா. நீ நல்லாருப்பப்பா. எந்தப் பிள்ள இப்படிச் செய்யும்?"

சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12

ஆடிக்காற்று இந்த வருடம் பேயாய் அடித்தது. மலையிலிருந்து வனக்காவலர் நயினார் சாருக்குச் சொல்லி, சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். குங்கிலிய மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறதாம்.

"இனி இந்தச் சரகத்துல அது இல்ல. பக்கத்து மலையில இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்," என்றார். "அந்தப் பிள்ளைட்ட இப்ப சொல்லாத."

இதை மட்டும் சார் சொல்லித்தர வேண்டியதில்லை.

செப்டம்பர் 2

பியூலா வீடியோவில் பேசினாள். "ஏ இசக்கி, நெட்ல பாத்தேன், இலை கொஞ்சம் வேற மாதிரில்லா இருக்கு?"

"இளசுல அப்படித்தான் இருக்கும்."

"அப்படியா?" கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "சரி. நீதானே கூடவே இருக்க, உனக்குத் தெரியும்."

செப்டம்பர் 15

சுரண்டைக்குப் போனேன். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷினிலிருந்து வாசல் வரை நடந்து காட்டினாள். முகமெல்லாம் வியர்வை. இடது கால் இழுக்கிறது. அம்மா பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள். "அன்னைக்கு நீ ஏறிருந்தா பாதியிலயே விழுந்திருப்ப. உன் மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. அதான் உன்ட்ட சொல்லாம நான் போயிட்டேன். நீ அதை நெனச்சு மருகாத, என்ன?"

வயிறு சரியில்லாமல் இருந்தது என்றேன்.

"சரி, வயிறுதான்," என்று சிரித்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். அம்மா காப்பி கொண்டுவந்தார்கள், குடித்தேன், பஸ் ஏறிவிட்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 10

இன்று நர்சரிக்கு நயினார் சார் வந்தார். என் பாக்கெட்டின் முன்னால் நின்றார். கன்று ஒரு முழ உயரம் வந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் பலாவென்று தெரிந்துவிடும். குனிந்து இலையைத் தொட்டார். என்னைப் பார்த்தார்.

"சார்..." என்றேன்.

"தண்ணிய ஒழுங்கா விடு," என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "காலேஜ் முதல்வர் நடுவிழா வைக்கச் சொல்லுதார். அந்தப் பிள்ளைய கூப்பிட்டு, அது கையாலயே நட வச்சு, பேப்பர்ல போடணுமாம். விசாரணை முடியப் போற நேரம். நல்லபடியா முடியட்டும்னு நெனைக்காங்க."

அவர் வெறுத்துப்போன முகத்தோடுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அக்டோபர் 27

வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் போனால் பேச்சை மாற்றுகிறார்கள். புங்கன் குழுக்காரன் மட்டும், "குழி நான் எடுத்துத் தாரேன் மக்கா," என்றான்.

நவம்பர் 4

எழுதிவிடுகிறேன். எழுதாமல் தூங்க முடியாது.

இன்று நடுவிழா. பத்து மணிக்குப் பியூலாவும் அம்மாவும் காரில் வந்தார்கள். பியூலா பச்சைச் சுடிதார் போட்டிருந்தாள். வாசலில் இறங்கி, சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாக்கரை ஊன்றிக்கொண்டு நடந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். குழி வரைக்கும் நடந்தாள். வழியில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், மறுபடி நடந்தாள். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் குழியிலேயே விழுந்துவிடலாம் போலிருந்தது.

நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் கன்றைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். மடியில் வைத்ததும் தடவிக் கொடுத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பாக்கெட்டைக் கிழிப்பதற்காகத் திருப்பினாள். கீழ் இலை ஒன்று அவள் மணிக்கட்டில் மாட்டி ஒடிந்தது.

ஒடிந்த இடத்தில் பால் வந்தது. குங்கிலிய இலையில் பால் கிடையாது. வெள்ளையாக, சொட்டாகத் திரண்டு அவள் பெருவிரலில் இறங்கியது.

பியூலா விரலை விரலோடு ஒட்டிப் பார்த்தாள். பிசுபிசுத்தது. இலையின் முதுகைப் புரட்டினாள். தண்டைப் பார்த்தாள். நிமிர்ந்து நயினார் சாரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்கள் வகுப்பைப் பார்த்தாள். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ன மரம்மா இது? பேரைச் சொல்லு, எல்லாரும் கேட்கட்டும்," என்றார் முதல்வர். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"வெள்ளைக் குங்கிலியம் சார்," என்றாள் பியூலா.

குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. கைதட்டினார்கள். கன்றைக் குழியில் இறக்கி மண் தள்ளினாள். நான் தண்ணீர் விட்டேன். படம் எடுத்தார்கள். படத்தில் நானும் இருக்கிறேன்.

கார்க் கதவருகே அவளும் நானும் மட்டும் நின்றோம். அம்மா தூரத்தில் முதல்வரிடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை முளைச்சுது?"

"ஒண்ணும் முளைக்கல. காய வச்சு கோல்ட் ரூம்ல வச்சிட்டேன். நீ வந்து விதைக்கணும்னு."

"எப்போ தெரியும் உனக்கு?"

"ஜூலையில."

"நான் ஆகஸ்ட்லதான் எந்திரிச்சே உக்காந்தேன்," என்றாள். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது. பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. நான் அவளிடம் அதுவரை பார்க்காத ஆத்திரம்.

"வித செத்துப்போச்சுன்னு சொல்லிருந்தா அழுதிருப்பேன் இசக்கி. ரெண்டு நாள் அழுதிருப்பேன். நான் என்ன அவ்வளவுக்கா கெட்டுப்போனேன், ஒரு உண்மையத் தாங்க மாட்டேன்னு? செப்டம்பர்லயே எனக்குச் சந்தேகம். நீ சொன்னேன்னு நம்பினேன். ஒவ்வொரு நாளும் கால் தீயா எரியும். அதுக்கு வேர் ஓடும்ல, நம்மளும் எந்திரிப்போம்னு பல்லைக் கடிச்சிட்டு நடப்பேன். நான் ஒரு பலாக்கொட்டைக்கு நடந்திருக்கேன். அங்க நின்ன எல்லாருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பழைய பியூலாவின் குரலில் பேசினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சரி. போனது போச்சு. மரம் இருக்குல்லா? எப்பவாவது ஒரு வருசம் மறுபடி காய்க்கும். அப்ப நானே வாரேன். நீ வர வேண்டாம்."

அவளிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எவ்வளவோ நாள் இருந்தது, அப்போதுதான் தோன்றியது.

"மரம் சாஞ்சிட்டு," என்றேன். "ஆடிக்காத்துல. வேரோட."

அவள் வாக்கரிலிருந்து கையை எடுத்தாள். நான் பிடிக்கப் போனேன், "தொடாத," என்றாள். கார் சீட்டில் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கார் கிளம்பிவிட்டது. வாக்கர் அங்கேயே நின்றது. நான்தான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவள் திரும்பவில்லை.

நவம்பர் 5

பேப்பரில் வந்துவிட்டது. நல்ல பெரிய படம்.

நவம்பர் 9

போனை எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள்.

நவம்பர் 16

மத்தியானம் ஞானசெல்வி அம்மா கூப்பிட்டார்கள். பியூலா எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அம்மாவின் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. எப்போதும் போலச் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள்.

"விழா முடிஞ்சு வந்ததுல இருந்து பிள்ள ஒரு மாதிரியா இருக்கா தம்பி. எக்சர்சைஸ் பண்ண மாட்டேங்கா. வாக்கரத் தொட மாட்டேங்கா. சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதா. என்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா. டாக்டரு, இப்பத்தான் முக்கியமான நேரம், விட்டா கால் இறுகிப்போகும்னு சொல்லுதாரு. எனக்கு யாருட்ட கேக்கன்னு தெரியல."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்தச் செடி இப்ப எப்படி இருக்கு? நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கும்மா. புதுசா இலை விட்டிருக்கு."

"அப்ப அத ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்யா. அதப் பாத்தாவாவது எந்திரிப்பா."

சரிம்மா என்றேன்.